சட்டைக்கு யார் தீட்டுக் காக்கிறார்கள்?

"விளையாட்டு சர்க்யூட் போர்டில் இருக்கிறது. மரப்பெட்டி வெறும் சட்டை. நைந்துபோனால் கழற்றிப் போட வேண்டியதுதானே?" என்றார், கீதை வகுப்புக்குத் தவறாமல் போகும் நண்பர். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கிடக்கும் 1982-ம் வருடத்து 'மிஸ் பேக்-மேன்' வீடியோ கேம் மேசையைப் பற்றித்தான் பேச்சு. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அடியிலிருக்கும் திரையைக் குனிந்து பார்த்து ஆடுகிற வகை. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழை இந்தப் பக்கத்து பேஸ்மென்ட்களில் புகுந்தபோது, இதன் அடிப்பாகமும் ஊறிவிட்டது.

நண்பர் சொன்னதில் பாதி சரி. போர்டை நீர் தொடவில்லை. கழற்றி மாடியில் வைத்துவிட்டேன். திருப்பணி நடக்கும்போது சாமியைக் கலசத்தில் ஆவாகனம் செய்து பாலாலயத்தில் வைக்கிற ஊர்க்காரனுக்கு இது புதிதா என்ன!

சிக்கல் பலகையில். மேலே மரக்கோடு அச்சிட்ட லேமினேட். உள்ளே மரத்துகளைப் பசை கலந்து சூட்டில் அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு. தண்ணீர் பட்டால் அமுங்கிக் கிடந்த துகள்கள் விடுபட்டு உப்புகின்றன. முக்கால் அங்குல விளிம்பு ஒரு அங்குலத்தைத் தாண்டிவிட்டது. தேக்கு நனைந்தால் உப்பும், காய்ந்தால் பெரும்பாலும் அடங்கும். இதற்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கிள்ளினால் ஊறிய அவல் போலக் கையோடு வருகிறது.

மின்விசிறி வைத்து அவசரப்படாமல் உலர்த்தினேன். உப்பல் லேசாக இருந்த பக்கத்தில் நீர்த்த எபாக்ஸியை ஊறவிட்டு, மெழுகுத்தாள் வைத்து, இரு புறமும் கட்டை கொடுத்து கிளாம்ப்பால் இறுக்கியதும் கட்டுப்பட்டது. மறுபக்கம் தேறவில்லை. லேமினேட்டைச் சூடு காட்டி நெம்பியெடுத்துவிட்டு, அடியில் நாலங்குலத்தை நேராக அறுத்து, அதே தடிமன் பிளைவுட்டை மரமுளை வைத்து ஒட்டினேன்.

அறுத்த துண்டைக் குப்பையில் போடத்தான் கை வரவில்லை. வெறும் சட்டை என்றால் ஏன் வரவில்லை?

இதற்குப் பூரியில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே ஜகந்நாதருக்கு வேப்பமரத் திருமேனி. ஆடிக்கு இணையான ஆஷாட மாதம் இரட்டித்து வரும் வருடங்களில் புது மேனி செதுக்குவார்கள். கடைசியாக 1996-லும் 2015-லும் செதுக்கினார்கள். பழையதற்குள் இருக்கும் பிரம்மப் பொருளை நள்ளிரவில், கண்ணைக் கட்டிக்கொண்டு, புதியதற்கு மாற்றுவார்கள். நண்பரின் கணக்குப்படி விஷயம் அங்கே முடிந்தது. மிச்சம் வெறும் கட்டை. ஆனால் தைத்தாபதி சேவகர்கள் அந்தக் கட்டையைக் கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் புதைத்துவிட்டு, குடும்பத்தில் சாவு விழுந்ததுபோலத் தீட்டுக் காக்கிறார்கள், தலையை மழித்துக்கொள்கிறார்கள். உயிர் எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியது என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் துக்கம் காக்கிறார்கள். சட்டைக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை.

சட்டைபோல உடம்பும் மாறும் என்பது உண்மை. மாறுவதெல்லாம் அற்பம் என்பது அதிலிருந்து எப்படிப் பிறந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. நிலையாமையைச் சொல்லி உடம்பை உதாசீனம் செய்பவர்கள் பாதிப் பாடத்தில் எழுந்து போனவர்கள் என்பது என் கட்சி. (நண்பர் முட்டிவலிக்கு வாராவாரம் பிசியோதெரபிக்குப் போகிறார். அதைச் சொல்லிக்காட்டவில்லை.) இதே ஆட்டம் போனிலும் ஓடுகிறது, உயிர் அங்கே சேதாரமில்லாமல் இருக்கிறது. எந்த பாரிலோ எவரோ சிகரெட்டை வைத்து மறந்த கருந்தழும்பு இந்த லேமினேட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டேன்.

பழைய பெட்டிகளைச் சீர்செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேறுகிற பலகையைத் தேற்றுங்கள். தேறாததை மாற்றினால், ஒட்டு தெரியாதபடி உள்பக்கமும் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். மாற்றிய மாதமும் வருடமும் பென்சிலால் எழுதி வையுங்கள். அடியில் பிளாஸ்டிக் கால் கொடுத்து விளிம்பைத் தரையிலிருந்து இரண்டு விரலாவது உயர்த்துங்கள். மழை மறுபடி வரும்.