ஒதுக்கிய மூலை உனக்கு வேண்டாம்!

உனக்கு இது போதும் என்று ஒருவர் ஒரு மூலையைக் கை காட்டினால், போய் உட்கார்ந்துவிடுவாயா வக்கீல் தங்கையே? ஃபுளோரன்ஸ் ஆலன் உட்காரவில்லை!

1920 நவம்பர். அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்டில் மக்கள் ஓட்டுப் போட்டு அவரை விசாரணை நீதிமன்றத்துக்கு நீதிபதியாக்கினார்கள். உடனிருந்த ஆண் நீதிபதிகள் ஒரு யோசனை சொன்னார்கள்: விவாகரத்து வழக்குகளுக்கென்று தனிப் பிரிவு, அதற்கு ஆலன். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் அது வேலி! கல்யாணமே ஆகாத என்னைவிட, மணமான நீங்கள்தான் அதற்குப் பொருத்தம் என்று திருப்பிச் சொன்னார் அவர். எல்லா வழக்கும் எனக்கும் வரட்டும் என்று நின்றார்.

வந்தது. அதே ஊரில் நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் மெக்கானன், பொய்ச்சாட்சி வழக்கில் 1921-ல் ஆலன் முன்னால் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். ஜூரி குற்றம் உறுதி என்றது. ஊரே அண்ணாந்து பார்த்த மனிதருக்குச் சிறைத்தண்டனை விதித்தார் ஆலன். மூலையில் முடங்கியிருந்தால் அந்த வழக்கு அவர் கைக்கு வந்திருக்குமா? நினைத்துப் பார்!

இந்தத் துணிச்சல் சொகுசில் வளர்ந்ததல்ல. பியானோ கலைஞராக வேண்டும் என்று பெர்லின் போனார். நரம்புக் கோளாறு அந்தக் கனவை முறித்தது. சட்டம் படித்து முடித்தார். வக்கீல் நிறுவனங்கள் கதவைத் திறக்கவில்லை. சொந்தமாக அலுவலகம் போட்டார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஓஹையோ முழுக்க மேடையேறினார். மாநில வாக்கெடுப்பில் 1912-ல் தோல்வி, 1914-ல் மறுபடி தோல்வி. மாநிலம் தராவிட்டால் ஊர் தரட்டும் என்று, ஈஸ்ட் கிளீவ்லாண்ட் நகராட்சித் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போடும் உரிமைக்காக மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். 1917-ல் வென்றார்.

எந்த நீதிமன்றத்தின் முன் நின்று வாதாடினாரோ, 1922-ல் அதே நீதிமன்றத்தின் நீதிபதி நாற்காலிக்கே போட்டியிட்டார்! அமெரிக்காவில் எந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்திலும் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. பெரிய கட்சிகளின் டிக்கெட் இல்லை. ஓட்டுரிமைக்காகத் தெருவில் இறங்கிய பழைய தோழிகள் ஊர் ஊராக மன்றம் அமைத்து ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்தார். 1928-ல் மறுபடியும் ஜெயித்தார். 1934-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார்.

வாய்தா வாங்கி வருவதற்கு மட்டும் உன்னை அனுப்புகிறாரா உன் சீனியர்? நாளைக் காலை அவர் மேஜை முன்னால் போய் நில். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். உங்களிடம் இருக்கும் கொலை வழக்கின் கேஸ் கட்டைக் கொடுங்கள், குறுக்கு விசாரணையை நான் தயார் செய்கிறேன் என்று கேள்!