போவதும் போகச் சொல்வதும்

ஏப்ரல் மாதம் பிறந்ததும் வோபர்னில் சில வீடுகளில் ஒரு விவாதம் தொடங்கும். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை உடன்படிப்பவர்கள் மாதக்கணக்கில் வதைத்து வருகிறார்கள். ஜூனில் இறுதிச் சோதனை. இப்போதே வேறு பாடசாலைக்கு மாற்றுவதா, "இன்னும் ரண்டு மாதந்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு" என்று சொல்வதா? ஒரு விண்ணப்பப் படிவத்தோடு முடிகிற காரியமாக இதை எண்ணிவிடலாம். ஆனால் அதற்குள் பழைய அறக்கேள்வி ஒன்று கிடக்கிறது: அநியாயம் நடக்கிற இடத்திலிருந்து எழுந்து போகவேண்டியவர் யார்?

முதலில் சொல்லைப் பற்றி. ஊரில் இதைச் 'சேட்டை' என்போம், 'பகிடி' என்போம். செய்பவனின் பக்கத்திலிருந்து பிறந்த சொற்கள் இவை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1997இல் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன் பகிடிவதையால் உயிரிழந்தான். அதற்கு அடுத்த வருடந்தான் இலங்கையில் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடி என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. "பகிடிக்குச் செய்திருப்பாங்கள்" என்பது பிள்ளைக்குச் சொல்லத்தக்க பதிலல்ல.

அடுத்தது சோதனை. ஊரில் உயர்தரப் பரீட்சை ஒன்றே தலைவிதியை எழுதியது. தரப்படுத்தலுக்குப் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் உயிரை விட்ட சமூகம் நாம். அந்தப் பயத்தையும் கையோடு கொண்டுவந்திருக்கிறோம். ஒன்ராறியோவில் பல ஆண்டுகளாக உள்ள முறை வேறு. ஒரு பாடத்தின் புள்ளிகளில் 70 வீதம் தவணை முழுவதும் செய்யும் வேலைக்கு. இறுதி மதிப்பீட்டுக்கு 30 வீதம். ஆகவே 'சோதனை முடியும்வரை பொறு' என்ற கணக்கு இங்கே பிழைத்துப் போகிறது. பயத்தில் வகுப்புக்குப் போகாமல் விடும் ஒவ்வொரு நாளும் அந்த 70இல் கைவைக்கிறது. மறுபுறம், மாறிப் போவதற்கும் விலை உண்டு. புதிய பாடசாலையில் அதே பாடம் அதே தவணையில் இல்லாமல் போகலாம். இடைத்தவணை அறிக்கை கிடைத்து ஐந்து பாடசாலை நாட்கள் கழிந்தபின் 11ஆம், 12ஆம் வகுப்புப் பாடமொன்றைக் கைவிட்டால், அது புள்ளிப் பத்திரத்தில் பதிவாகும். ஆக, சோதனை எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. பெரியவர்கள் முன்பே எடுத்துவிட்ட முடிவுக்கு அது ஒரு சாட்டாகத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

"ஓடினால் கோழை" என்றொரு வாதமும் உண்டு. அகதியாக வந்தவர்களின் வீட்டில் இந்த வாதம் கேட்பது விசித்திரம். 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அவர்களை யாரும் கோழைகள் என்று சொல்லவில்லை. உயிரைக் காக்க இடம்பெயர்வது மனிதரின் உரிமை. ஆனால் அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1990 அக்டோபரில், விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களைச் சொந்த மண்ணைவிட்டு வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். ஒரு வகுப்பறைத் துன்பத்தை இவற்றோடு அளவில் ஒப்பிட முடியாது. எனினும் ஒரு வேறுபாட்டை இந்த இரண்டு அக்டோபர்களும் நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றன. போவது ஒன்று, போகச் சொல்வது வேறொன்று. முதலாவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. இரண்டாவது மற்றவர்களின் வசதி.

ஒன்ராறியோக் கல்வி அமைச்சுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. கல்விச் சபைகளுக்கு அது விடுத்த 145ஆம் இலக்கக் கொள்கைக் குறிப்பாணை, பாதுகாப்புக்காக ஒரு மாணவரை இடம்மாற்ற நேர்ந்தால், துன்பத்துக்குள்ளானவரை மாற்றாமல் விடுவதே விரும்பத்தக்கது என்கிறது. 2012இல் வந்த சட்டம் வதைத்தலுக்கு வரைவிலக்கணம் தந்து, அதைத் தடுக்கும் கடமையைச் சபைகள்மீது சுமத்தியது. ஆங்கிலத்தில் வாதாடத் தயங்கும் அப்பா அம்மாவுக்கு இவை தெரிந்திருப்பது நல்லது. "புது இடத்தில் புதுசாய்த் தொடங்கலாமே" என்று யாராவது இனிமையாகச் சொன்னால், "யார் போகவேண்டும்?" என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு இடமிருக்கிறது.

இந்தக் கேள்வியின் மிகக் கொடிய வடிவத்தைத் தமிழ்நாட்டில் கண்டோம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவன், ஆதிக்கசாதிச் சக மாணவர்களின் தொல்லை தாளாமல் வள்ளியூரிலிருந்த பாடசாலைக்குப் போவதை நிறுத்தினான். காரணத்தை விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு அவர்கள் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அவன் பிழைத்து, வேறு பாடசாலையில் படித்து, 2024இல் 600க்கு 469 புள்ளிகள் எடுத்தான். அந்தப் புள்ளிகளை எல்லோரும் கொண்டாடினார்கள். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அவன் விட்டுப்போன வகுப்பறையில் சாதி போகாமல் இருந்தது. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பாடசாலையில் தடைசெய்யச் சொன்னது. பிள்ளை மாறிப் போவதால் தீராத வேலை ஒன்று மிஞ்சி இருந்தது என்பதையே அது காட்டுகிறது.

வோபர்னிலும் அப்படி ஒரு வேலை மிஞ்சுகிறது. வதைபடும் பிள்ளையும் வதைக்கும் பிள்ளையும் மார்க்கம் வீதியின் ஒரே அடுக்குமாடியில், ஒரே லிஃப்டில், ஒரே ரியூசன் வகுப்பில் சந்திக்கலாம். தொலைபேசியோ எந்தப் பாடசாலைக்கும் கூடவே வரும். இன்னொன்று: வதைப்பவர்கள் எப்போதும் 'மற்ற இனத்துப் பெடியள்' அல்ல. புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளையின் ஆங்கிலத்தைக் கேட்டு, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை 'ஃபொப்' என்று சிரிப்பதுண்டு. படகால் இப்போதுதான் இறங்கியவன் என்பது அதன் பொருள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத வீட்டில் 'படகு' வசைச்சொல்லாவதில் ஆச்சரியமில்லை.

அப்படியானால் மாற்றுவதா, விடுவதா? பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பும் மனமும் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். முடிவின் முதல் வார்த்தை அதனுடையதாக இருக்கட்டும். போகிறேன் என்றால் புள்ளிக் கணக்கைக் காட்டித் தடுக்கக்கூடாது. போன பாடத்தைக் கோடைகால வகுப்பில் மீட்கலாம். இருக்கிறேன் என்றால் அதைத் தனியே வீரம் காட்ட விட்டுவிடவும் கூடாது. அதன் பக்கத்தில் பெரியவர்கள் நிற்கவேண்டும், எழுத்தில் முறையிடவேண்டும், பதில் வரும்வரை கேட்கவேண்டும். எதைத் தெரிந்தாலும் இந்த இரண்டாவது கடமை மாறுவதில்லை. பிள்ளை போனபின் முறைப்பாட்டையும் மடித்து வைத்துவிட்டால், அது இருந்த கதிரையில் நாளை இன்னொரு வீட்டுப் பிள்ளை வந்து உட்காரும்.