கோபத்தோடு ஏறலாம்

கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டு ஏற்றம். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களுக்கு அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பும் உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வரம்.

ஆன்மிகம் என்றாலே மன அமைதி என்று இப்போது பேசுகிறோம். கண்ணை மூடு, மூச்சைக் கவனி, கோபத்தை விடு. இந்த மலையில் இருப்பவளோ கோபத்தாலேயே தெய்வமானவள். கணவன் கொலையுண்டதற்காக அவள் மூட்டிய தீயில் மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் வந்து ஊழ்வினையை எடுத்துச் சொன்னது. காரணம் தெரிந்துவிட்டது, துக்கம் தீர்ந்ததா? அதன்பிறகும் கண்ணகி வைகைக் கரையோடு நடந்தாள், மலையேறினாள், பதினான்காம் நாள்தான் அந்தக் கணவன் கோவலனைக் கண்டாள் என்கிறது சிலப்பதிகாரம். விளக்கத்தால் ஆறாததை உடம்பு நடந்துதான் ஆற்ற வேண்டியிருக்கிறது என்று இளங்கோவடிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

பளியங்குடிப் பாதையில் மூச்சு வாங்கும்போது கடனையும் வீட்டுச் சண்டையையும் பேசத் தெம்பிருக்காது. மேலே போனால் அன்னதானம் உண்டு, பசி தானாக வரும். அமைதியாகத்தான் வரவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பிளாஸ்டிக் பையை மட்டும் வனத்துறை விடாது.