சொல்லாமல் விட்டால் பொய்யா?

பழைய ஜப்பான் கைக்கடிகாரம் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. போன மாதம் பழம்பொருள் சந்தையில் 80 வெள்ளிக்கு ஒரு சீக்கோ 5 வாங்கினேன். உள்ளே 7009 இயந்திரம், 17 ஜுவல், மணிக்கு 21,600 துடிப்பு. சாவி கொடுக்க முடியாது. கை அசைவில்தான் ஓடும். வீட்டில் உற்றுப் பார்த்தால், முகப்புக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடியோரத்தில் இருக்க வேண்டிய பொடி எழுத்துகளே இல்லை.

கல்லூரித் தம்பி ஒருவன், "நூத்தம்பது வெள்ளி தர்றேண்ணே, எனக்குக் கொடுங்க" என்றான். முகப்பைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? எனக்கு விற்றவரும் சொல்லவில்லையே!

யோசித்தேன். அவன் தருகிற விலை, அது அசல் என்ற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கை தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே காசை வாங்கினால், வாய் திறக்காமலே பொய் சொன்னதாகிறது. விற்றவருக்கு ஒருவேளை தெரியாமல் இருந்திருக்கலாம்; எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

சொல்லிவிட்டேன். தம்பி வாங்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். அடுத்த வாரம் வேறொரு கடிகாரத்தோடு வந்தான்: "இது அசலாண்ணே? நீங்க பார்த்துச் சொன்னாத்தான் வாங்குவேன்."