கோப்பையைத் தள்ளும் விரல்

போன ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. நீச்சல் வகுப்பு முடிந்து ஈரத்தலையோடு வந்த சின்னவள் பூசணி சூப்பைக் குடித்து முடித்தாள். கடைசித் துண்டுப் பணிஸால் கிண்ணத்தைச் சுற்றி வழித்து வாயில் போட்டாள். பிறகு கிண்ணத்தின் விளிம்பில் சுண்டுவிரலை வைத்து ஓரங்குலம் முன்னுக்குத் தள்ளிவிட்டாள். எதிரே இருந்த என் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஐயாவும் இப்பிடித்தான்."

"பாணாலை துடைச்சுச் சாப்பிடுறது எல்லாரும் செய்யிறதுதானே, அம்மம்மா," என்றான் மூத்தவன், தலை நிமிராமல்.

"துடைக்கிறதை ஆர் சொன்னது? தள்ளுறதைச் சொல்லுறன்."

பேச்சு அவ்வளவுதான். அம்மா தேத்தண்ணி கேட்டார். மூத்தவன் வீட்டுப்பாடம் செய்யப் போனான். என் கணவர் இரவு வேலைக்குப் புறப்பட்டார். எனக்குத்தான் அது முடியவில்லை. பாத்திரம் கழுவும்போதும், மறுநாள் பஸ்ஸில் நின்றபடி போகும்போதும் அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது. ஐயா, என் அப்பா, கனடாவைக் காணாதவர். சின்னவள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊரில் காலமாகிவிட்டார். அவர் சாப்பிடுவதைக் காட்டும் வீடியோ எதுவும் எங்களிடம் இல்லை. இருக்கிற படங்களில் எல்லாம் ஸ்ரூடியோக் கதிரையில் கைகளைத் தொடையில் ஊன்றி நேரே பார்க்கிறார். அப்படியிருக்க, காணாத மனிதரின் விரலசைவு ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டு மேசைக்கு எந்த வழியால் வந்தது?

அன்றைய சாப்பாட்டில் ஊரை நினைவூட்ட அதிகம் இல்லை. இங்கே செப்டெம்பர் கழிந்ததும் கடை வாசல்களில் பெரிய பெட்டிகள் நிறையப் பூசணி வகைகளைக் குவித்துவிடுவார்கள். ஒக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி நவிலல் விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் பூசணி இல்லாத வீடு குறைவு. நான் வாங்குவது பட்டர்நட் என்கிற வெளிர்தோல் காய். 1940களில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சார்ள்ஸ் லெகெட் என்பவர் வேறு வகைகளைக் கலந்து உருவாக்கியது. கழுத்து முழுக்கச் சதை, அடிக்குடத்தில் மட்டும் விதை. நெடுக்காகப் பிளந்து விதையை வழித்து, எண்ணெய் பூசி, வெட்டின பக்கம் கீழே இருக்க 400 பாகை பரனைட்டில் முக்கால் மணி நேரம் விட்டால் கரண்டியால் அள்ளலாம். தட்டோடு பட்ட விளிம்பு கருகி இனிப்பாகப் பிடித்திருக்கும். அதைச் சுரண்டாமல் விட்டால் ருசியில் பாதி போய்விடும். வெங்காயம், உள்ளி, ஒரு துண்டு இஞ்சி வதக்கி, எல்லாவற்றையும் சேர்த்து அடித்து, கடைசியில் தேங்காய்ப்பாலும் இடித்த மிளகும் நற்சீரகமும் போடுவேன். பிள்ளைகளுக்கு அது 'மஞ்சள் சூப்'. தடிமன் பிடித்தால் சின்னவள் கேட்பது அதைத்தான். நான் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தால் இரண்டு மிடறு குடித்துவிட்டு மரியாதையாக வைத்துவிடுவாள்.

பணிஸையும் வீட்டில்தான் சுடுகிறேன். அரைக் கிலோ கோதுமை மா, ஒரு பக்கெட் ஈஸ்ட், இளஞ்சூட்டுப் பால், கொஞ்சம் சீனி, உப்பு, பட்டர். ஒக்டோபர் வீட்டுக் குளிருக்கு மா இலேசில் பொங்காது. ஓவனை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு மாச்சட்டியை உள்ளே வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். துணியை விலக்கும்போது ஒரு புளித்த மணம் எழும். அம்மா எங்கிருந்தாலும் எழும்பி வந்து அதை மணந்து பார்ப்பார். ஊரில் அவர் அப்பத்துக்குக் கள் விட்டுக் குழைத்த மாவில் வந்த மணம் அது. அங்கே கள்ளில் இருந்ததும் இங்கே பக்கெட்டில் இருப்பதும் ஈஸ்ட்தான் என்பதால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனாலும் அம்மா ஒவ்வொரு முறையும் எழும்பி வருகிறார். நானும் ஒவ்வொரு முறையும் துணியை விலக்கி, அவர் வரும்வரை நிற்கிறேன்.

ஐயாவுக்குப் பாண் என்றால் றோஸ் பாண். அச்சுப் பாணில் தோல் குறைவு என்பார். விறகுப் போறணையில் சுட்ட பாணைப் பின்னேரம் சைக்கிளில் போய் வாங்கி, பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். இரவில் அது சொதியோடும் இடித்த சம்பலோடும் போகும். அவர் சாப்பிடுவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் உள்பஞ்சு, பிறகு தோல். தோலில் ஒரு துண்டைக் கடைசிவரை காப்பாற்றி வைத்து, அதால் கோப்பையின் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். சம்பலின் சிவப்பு ஒரு பொட்டுக்கூட மிஞ்சாது. அதன்பிறகு அந்தத் தள்ளல். மற்ற நாலு விரலும் சொதியில் நனைந்திருக்கும். காய்ந்து கிடப்பது சுண்டுவிரல் ஒன்றுதான். கையால் சாப்பிடுகிற மனிதர் கோப்பையைத் தொட அதைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல நியாயம் உண்டு.

ஆனால் சின்னவள் கரண்டியால் குடித்தாள். அவளுடைய பத்து விரலும் சுத்தம். அந்த ஒரு விரலைத் தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. என்னை விடாமல் பிடித்திருப்பது இதுதான். காரணம் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. செய்கை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

பல்கலைக்கழக நாட்களில் வாசித்த ஒன்று அரைகுறையாக நினைவுக்கு வந்தது. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1934இல், மனிதர் தம் உடம்பைப் பயன்படுத்தும் முறைகளைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். நியூயோர்க்கில் நோயாளியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, தாதிமாரின் நடையை முன்பே எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அவருக்கு ஓர் உறுத்தல். யோசித்துப் பார்த்ததில், பார்த்தது சினிமாவில் என்று பிடிபட்டது. பிரான்சுக்குத் திரும்பினால் பாரிஸ் பெண்களும் அதே நடை நடக்கிறார்கள். அமெரிக்கப் படங்கள் அந்த நடையைக் கடல் கடத்திவிட்டிருந்தன. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடப்பது, நீந்துவது, உட்காருவது என்று நாம் இயற்கை என்று நினைக்கிற பலவும் பிறரைப் பார்த்து உடம்பு பிடித்துக்கொண்டவைதான் என்பது அவர் கட்சி. வாசித்தபோது அது பரீட்சைக்கான ஒரு குறிப்பு. இப்போது என் சமையலறைக்கு வந்து நிற்கிறது.

மோஸ் சொல்வதுபோல் பார்த்தால் நடுவில் ஒருவர் இருக்க வேண்டும். அது நான்தான். நானும் கோப்பையைத் தள்ளுகிறேனா? அம்மாவிடம் கேட்டேன். "நீ சாப்பிடேக்கை ஆர் உன்ரை கையைப் பாத்தது?" என்றார். கணவரிடம் கேட்டேன். கவனித்ததில்லை என்றார். பிறகு நானே என் கையைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கத் தொடங்கியதும் அந்தக் கை என் கையாக இருப்பதை நிறுத்திவிட்டது. எந்த விரல் வழக்கமாக எதைச் செய்யும் என்று தெரியாமல் சோறு அளைந்துகொண்டிருந்தேன். பிள்ளைக்கு நாம் கொடுப்பதில் பெரும் பங்கு நம் கண்ணுக்குப் படாத இடத்திலிருந்துதான் போகிறது என்றால், வளர்ப்பு என்று நாம் பேசுவதெல்லாம் எதைப் பற்றி?

தெரிந்து கொடுக்க முயன்றவை நிறைய. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைச் சின்னவள் மேடையில் பிழையில்லாமல் பாடினாள். அந்தப் பாட்டுக்குள் ஒரு சமையலே நடக்கும். பலா இலையைக் கோலிக் கூழ் குடிப்பது வரை வரும். ஆடி முதல் நாளில் பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கூழும் காய்ச்சுவேன். பாட்டை விரும்பினாள். கூழை அரைக் கிண்ணத்தோடு நிறுத்தினாள். ஒடியல் கூழ் அதற்கும் தூரம். ஒடியல் மா, நண்டு, இறால், மரவள்ளி, பயத்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, செத்தல் மிளகாய், புளி எல்லாம் ஒரு பானையில் கொதிக்கும். வீடு முழுக்கச் சுற்றியிருந்து ஊதி ஊதிக் குடித்தது எனக்கு இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. அவளுக்கு அது மிகவும் தடித்த, மிகவும் மீன்மணம் வீசுகிற ஒரு சாப்பாடு. இதில் நான் மனம் நோகக் கூடாது. அந்தப் பானையில் இருக்கிற மரவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, அவள் விரும்பிக் குடிக்கிற பூசணியைப் போலவே. யாரோ ஒரு பாட்டிக்கு அவையும் ஒரு காலத்தில் புதுப்பண்டமாக இருந்து, பிறகுதான் ஊர்ச் சாப்பாடாகியிருக்கும். குளிரில் நனைந்து வருகிற பிள்ளைக்கு ஆறுதல் எந்தப் பானையிலிருந்து வர வேண்டும் என்று தாய் தீர்மானிக்க முடியாது. இதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

ஏற்க முடியாமல் இருப்பது வேறொன்று. அதைச் சொல்ல 1995க்குப் போக வேண்டும்.

1990க்குப் பிறகு போரால் இலங்கையின் வடக்குக்குப் பொருள்கள் வருவது குறைந்தது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் படித்தோம். கோதுமை மா கிடைக்காத நாட்களில் பாணும் இல்லை. கிடைக்கிற நாட்களில் அதை அளந்து வெட்டினோம். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இலட்சக்கணக்கான சனம், ஒரே தெரு, மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துபோனது. பிறகு கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் பல குடும்பங்களோடு இருந்தோம். யாரோ பருப்பை நீர்க்கக் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். எங்கள் பங்குக்குக் கொஞ்சம் பாணும் வந்தது. கோப்பை இல்லை, வாழையிலைத் துண்டுகள்தான். ஐயா பாண் தோலால் இலையைத் துடைத்தார். அம்மா மிச்சப் பருப்போடு அவர் பக்கம் குனிந்தார். ஐயா சுண்டுவிரலால் இலையைச் சீமெந்துத் தரையில் மெல்ல முன்னுக்குத் தள்ளினார். அம்மாவின் கை திரும்பித் தம்பியின் இலைக்குப் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான் எனக்கு இப்படித் தோன்றுகிறது: அந்தத் தள்ளல் ஒரு பேச்சு. எனக்குப் போதும், பிள்ளைகளுக்குப் போடு என்று வாய் திறக்காமல் சொன்ன பேச்சு. வாயால் சொல்லியிருந்தால் அம்மா வற்புறுத்தியிருப்பார், நாங்களும் அவர் முகத்தைப் பார்த்திருப்போம். விரல் சொன்னதால் ஒருவருக்கும் கடன் இல்லாமல் போயிற்று. சின்னவளும் அன்றைக்கு அதையேதான் சொன்னாள், போதும் என்று. அவளுக்கு உண்மையாகவே போதும். சட்டியில் இன்னும் பாதி சூப் இருந்தது.

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதனாலேயே அதைச் சந்தேகிக்கவும் வேண்டியிருக்கிறது. அந்த வகுப்பறை நினைவில் இலையும் பருப்பும் உறுதி. அந்த விரலை நான் அன்றே கண்டேனா, அல்லது முப்பது வருடம் கழித்து அம்மா சொன்ன பிறகு அங்கே கொண்டுபோய் வைத்தேனா என்று சத்தியம் செய்ய முடியாது. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஐயா எங்களுக்காக விட்டுக்கொடுத்துத்தான் அப்படித் தள்ளினாரா என்று.

"விசர்க் கதை. கலியாணம் கட்டின புதிசிலையே அவர் அப்பிடித்தான். அவற்றை ஆத்தையும் தள்ளுறவ," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கொடிகாமத்திலை இருக்கேக்கை கொஞ்சமாத்தான் சாப்பிட்டவர். அதுவும் உண்மைதான்," என்றார்.

ஆக, செய்கை பஞ்சத்துக்கு முந்தியது. நான் கண்டேயிராத அப்பாச்சி ஒருத்தியின் கையிலிருந்து, அதற்கும் முன்னால் யாரிடமிருந்தோ வருகிறது. நடுவில் சில வருடங்கள் மட்டும் அதற்குள் ஒரு பொருள் வந்து தங்கிவிட்டுப் போயிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது என் முன்னால் இருக்கிற கேள்வி, சின்னவளிடம் இதைச் சொல்வதா என்பது. சொன்னால் அவளுக்கு ஒரு தாத்தா கிடைப்பார், படத்தில் விறைத்து உட்கார்ந்திருப்பவருக்குப் பதிலாகச் சாப்பிடுகிற ஒரு மனிதர். எங்களுக்கு நடந்தவை அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எப்போதும் நம்பி வந்திருக்கிறேன். மறைத்து வளர்ப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் என் கைக்கு நேர்ந்ததை யோசிக்கிறேன். கவனித்த நிமிடமே அது பழக்கம் மறந்து நின்றது. சொல்லிவிட்டால் அவள் அந்தக் கிண்ணத்தை இனி ஒருபோதும் சும்மா தள்ளப் போவதில்லை. நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று விரலால் சொல்கிற சுகம், எங்கள் வீட்டில் முதன்முதலாக அவளுக்கு வாய்த்திருக்கிறது. அதற்குள் ஒரு வகுப்பறையையும் மழையையும் நான் ஏன் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் போல் நடந்து வந்தவர்களில் யாராவது இப்படி ஒன்றைத் தம் பிள்ளைக்குச் சொல்லியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்: அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளை அதே விருப்பத்தோடு சாப்பிட்டதா?