எண்ணெய்க் குளியலும் ஏழுலகமும்

விடுமுறை நாள் காலையில் கோயிலுக்குப் போவதா, பாராயணத்துக்கு உட்காருவதா, நாலு வயதுப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தலை துவட்டி இட்லி ஊட்டிக்கொண்டிருப்பதா? பக்தியுள்ள வீடுகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. பிள்ளையைக் கவனிப்பது கடமை, அதைச் சீக்கிரம் முடித்துவிட்டால் வழிபாட்டுக்கு நேரம் கிடைக்கும். இந்தக் கணக்கை மரபின் பெயரால் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. தமிழ் வைணவ மரபு வேறு மாதிரிதான் நினைத்திருக்கிறது.

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில் கண்ணனுக்குக் காது குத்தக் கூப்பிடுகிறாள் யசோதை, நீராட வரச்சொல்லிக் கெஞ்சுகிறாள், தலை வாரும்போது வேடிக்கை காட்டக் காக்கையை அழைக்கிறாள், பூச்சூட்டுகிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுத் திருமொழி, அதாவது ஒரு தனிப் பதிகம். உவமைக்காக ஒரு வரியில் தொட்டுவிட்டுத் தத்துவத்துக்குத் தாவுகிற அவசரம் ஆழ்வாரிடம் இல்லை. எண்ணெயும், பிசுக்குப் போக்கப் புளியும் எடுத்துவைத்துக்கொண்டு அவள் காத்திருப்பது வரை பாட்டில் வருகிறது. இதைவிட முக்கியமான இடம் நூலின் முதல் திருமொழியிலேயே இருக்கிறது. பாகவதத்தில் கண்ணன் மண்ணைத் தின்றதாகப் புகார் வந்து, விசாரணையில் வாயைத் திறக்கும்போது தாய் உலகங்களைக் காண்கிறாள். ஆழ்வாரோ அந்தக் காட்சியைக் குளியலுக்குள் கொண்டுவருகிறார். வெந்நீர் வார்த்து, மஞ்சள் பூசி, நாக்கு வழிக்க வாயைத் திறக்கச் சொன்னவளுக்கு ஏழுலகமும் தெரிகின்றன. அவள் தியானத்தில் இருக்கவில்லை, எதையும் வேண்டவுமில்லை. பிள்ளையின் நாக்கு சுத்தமாக வேண்டும், அவ்வளவுதான்.

அது கண்ணன், நம் வீட்டுப் பிள்ளை கண்ணனா என்று கேட்கலாம். நாக்கு வழிக்கப்போன அந்தக் கணத்தில் அவளுக்கும் அவன் வெறும் பிள்ளைதான். இதைவிடக் கனமான ஆட்சேபம் பாகவதத்துக்குள்ளேயே உண்டு. ஐந்தாம் ஸ்கந்தத்தில் அரசைத் துறந்து தவத்துக்குப் போன பரதன், தாயை இழந்த மான்குட்டியை ஆற்றிலிருந்து எடுத்து வளர்க்கிறான். நியமங்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. சாகும்போதும் மான் நினைவு, மறுபிறப்பிலும் மான். பிள்ளைப் பாசமும் இப்படித்தானே கட்டிப்போடும்? ஆனால் பரதனின் மனம் எப்போது அலைகிறது என்று பாருங்கள். மான் கண்ணில் படாதபோதுதான் ஓநாய் தின்றிருக்குமோ, இனி வருமோ என்று புலம்புகிறான். அவனைக் கட்டியது மடியில் கிடந்த குட்டி என்பதைவிட, அதன் நாளையைப் பற்றிய பயம் என்றே நான் படிக்கிறேன். தலைக்குச் சீயக்காய் தேய்த்தபடியே அபாகஸ் வகுப்பையும் அடுத்த வருஷ அட்மிஷனையும் கணக்குப் போடுகிற பெற்றோர்தான் பரதனுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். கண்ணில் நுரை போகாமல் நெற்றியில் கையை அணைகட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு நினைப்புக்கு இடமில்லை. அங்கே பற்று தளர்ந்தே இருக்கிறது. இந்தக் குளியல் வாராவாரம் அதே வேளையில், அதே முறையில் நடப்பதும் நல்லது. அடுத்து என்ன என்று யோசிக்கிற வேலை கையிடம் போய்விடுவதால் மனம் பிள்ளையிடம் இருக்க முடிகிறது. பூஜைக்கு முறை வகுத்ததிலும் இந்த லாபம் உண்டு. ஞாயிறும் கடை திறக்கிறவர்களுக்குக் குளியல் நாள் வேறு ஒரு கிழமையாக இருக்கட்டும்.

இன்னொரு ஆட்சேபத்தை மறுக்க எனக்கு மனமில்லை. தாயின் குரலில் பாடியவர் ஓர் ஆண். பாட்டில் புளி கரைப்பது சுலபம், தினமும் கரைக்கிறவளுக்கு அது வேலை. வழிபாடு என்று பெயர் சூட்டி அந்த வேலையை அவள் தலையிலேயே நிரந்தரமாகக் கட்டிவிடவும் முடியும், கட்டியும் இருக்கிறார்கள். எனவே இந்த வாதம் முதலில் அப்பாக்களுக்குத்தான் பொருந்தும். ஆண்பிள்ளைக்குச் சனி, பெண்பிள்ளைக்கு வெள்ளி என்ற பழைய எண்ணெய்க் கிழமைகளில் வெள்ளியைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டுவிட்டது. பல வீடுகளில் இருவருக்குமே சனியோ ஞாயிறோதான். அன்று அப்பாவும் வீட்டில்தான் இருக்கிறார்.