எழுத்தாளருக்குள் ஒரு நீதிபதி

‘நட்கிராக்கர்’ கதையை எழுதியவர் என்றுதான் இ.டி.ஏ. ஹோஃப்மனை உலகம் அறியும். பிழைப்புக்கு அவர் பிரஷ்ய அரசின் நீதித்துறை அலுவலர். மேலிடத்தாரைக் கேலிச்சித்திரமாக்கியதால் 1802இல் தொலைவிலுள்ள சிற்றூருக்குத் தூக்கியடிக்கப்பட்டார். 1806இல் அப்போது அவர் பணியாற்றிய வார்சாவுக்குள் நெப்போலியன் படை நுழைந்ததும் வேலையே போயிற்று. நாடக அரங்குகளில் இசை நடத்தி வயிற்றைக் கழுவியவர், 1814இல் பெர்லினில் மீண்டும் அரசுப் பணிக்கு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது. 1819இல் அரசுக்கு எதிரானவர்களைத் தேடிப்பிடிக்க மன்னர் அமைத்த விசாரணைக் குழுவில் அவரும் உறுப்பினர். உடற்பயிற்சி இயக்கத் தலைவர் ஃப்ரீட்ரிக் லுட்விக் யாஹ்ன் கைதாகியிருந்தார். அந்த இயக்கத்தின் கொந்தளிப்பில் ஹோஃப்மனுக்கு நாட்டமே இல்லை. ஆனாலும், செயல்தான் குற்றமாகும், கருத்து ஆகாது என்று வாதிட்டு, யாஹ்னை விடுவிக்கப் பரிந்துரைத்தார். நமக்குப் பிடிக்காதவருக்காகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது எத்தனை பேருக்கு வரும்? காவல்துறையின் உயர் அதிகாரி காம்ப்ட்ஸ் மீது யாஹ்ன் அவதூறு வழக்குத் தொடுத்தார். அதையும் ஏற்று நடத்தலாம் என்றே ஹோஃப்மன் நின்றார். கடைசியில் மன்னரின் ஆணைதான் அவ்வழக்கை நிறுத்தியது.

இந்த வேட்டையை அவர் ஒரு கதையில் நையாண்டி செய்தார். கைப்பிரதி பறிமுதலானது, ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. உடல் முடங்கிய நிலையில், படுக்கையில் இருந்தபடியே தன் தரப்பைச் சொல்லி எழுதவைத்தார். 1822 ஜூனில் இறந்தார். அந்தக் கதையிலிருந்து தணிக்கையில் வெட்டப்பட்ட பக்கங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறின.